அந்தக் காசுக்கு என்ன பெயர்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் அன்னதானம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. மேற்கு சிட்னியில் மகன் வீட்டில் இருக்கிறார். நம் இதழை ஒன்று விடாமல் படிப்பவர்.

“தம்பி, ஒண்டு கேக்கவேணும். ஒவ்வொரு பென்சன் நாளும் மகன்ட கையில 300 டொலர் குடுக்கிறன். வாடகை குடுக்கிறியளோ எண்டு சென்டர்லிங்கில கேட்டவை. இல்லை எண்டு சொல்லிப்போட்டன். பெத்த பிள்ளைக்கு வாடகை குடுக்கிறன் எண்டு எப்பிடியப்பா வாயால சொல்லுறது?”

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் அது வாடகையே இல்லை. சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, மகனிடம் கொடுக்கும் காசு. ஆனால் அரசுக் கொடுப்பனவுகளைக் கவனிக்கும் சென்டர்லிங்க் கேட்பது வேறு. இருக்க இடத்துக்கும் சாப்பாட்டுக்குமாக ஒருவர் காசு கொடுக்கிறாரா, எவ்வளவு என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்கு “இல்லை” என்று பதில் போனதால், அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஓர் உதவி வருடக்கணக்காகக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது. பென்சன், வேலை தேடுவோருக்கான ஜொப்சீக்கர், குடும்ப உதவி என்று ஏதாவது ஓர் அரசாங்கக் கொடுப்பனவு வரும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. அதில் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் எது தெரியுமா? வருமானமோ வேலையோ இல்லை. வீடுதான். யார் வீட்டில் இருக்கிறீர்கள், யாருடன் இருக்கிறீர்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்ற மூன்று சின்னக் கேள்விகள்.

ஏன் தடுமாறுகிறோம்? நம் வீடுகளில் காசுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. அப்பாவின் சம்பளம் அலமாரிக்குள் போகும், தேவைப்பட்டவர் எடுப்பார். அண்ணன் அனுப்பிய காசில் தங்கச்சி படிப்பாள். மாமா தந்த பணம் கடனா அன்பளிப்பா என்று யாரும் கேட்டதில்லை, ரசீது எழுதியதும் இல்லை. ஊரில் நாம் நிமிர்ந்து நின்றது அந்த நம்பிக்கையில்தான். அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் ஒரு படிவத்தில் அந்த நம்பிக்கையை எழுத இடமில்லை. வாடகை, சாப்பாட்டுடன் கூடிய தங்குமிடம், சொந்த வீடு, இலவசமாக இருக்கிறேன் என்று இப்படிச் சில கட்டங்கள்தான் இருக்கும். நாம் பெயர் சொல்லாவிட்டால் அந்தக் காசு அவர்களுக்குத் தெரியாத காசு.

சரி, அந்த உதவி எது? ரென்ட் அசிஸ்டன்ஸ் என்கிறோமே, அதுதான். 1958இல் ஓய்வூதியக்காரர்களுக்கான சிறு துணைத் தொகையாகத் தொடங்கியது. இன்று 10 லட்சத்துக்கும் அதிகமான தனியாட்களும் குடும்பங்களும் அதைப் பெறுகிறார்கள். அதற்குத் தனியாக விண்ணப்பம் இல்லை. முதியோர் பென்சன், ஊனமுற்றோர் பென்சன், பராமரிப்பாளர் கொடுப்பனவு, ஜொப்சீக்கர் போன்ற ஒன்றைப் பெறுபவர் தன் வீட்டு விவரத்தைச் சரியாகச் சொன்னால், தகுதி இருக்கும்போது அதோடு சேர்ந்து வரும்.

வேலைக்குப் போகும் குடும்பங்களும் இதைக் கவனியுங்கள். பிள்ளைகளுக்கான ஃபமிலி டாக்ஸ் பெனிஃபிட் பகுதி ஏ, அடிப்படைத் தொகைக்கு மேலே உங்களுக்கு வருகிறதா? வாடகை வீட்டில் இருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கும் கிடைக்க வாய்ப்புண்டு. “அது வேலை இல்லாதவர்களுக்கு” என்று நினைத்துக் கேட்காமலே விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கணக்கு எளிது. வாடகையில் ஒரு எல்லை வரை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே கொடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 75 சதம் அரசு தரும், ஓர் உச்சத் தொகை வரை. எல்லையைத் தாண்டியிருந்து, உச்சத்தையும் தொடாத ஒருவருக்கு ஃபோர்ட்நைட்டுக்கு, அதாவது இரண்டு வாரத்துக்கு, 40 டொலர் வாடகை கூடினால், உதவி 30 டொலர் கூடும். சொன்னால்தான் கூடும். உச்சத் தொகையை அரசு 2023 செப்டம்பரில் 15 சதவீதமும், 2024 செப்டம்பரில் இன்னும் 10 சதவீதமும் உயர்த்தியது. ஒவ்வொரு வருடமும் மார்ச் 20, செப்டம்பர் 20 ஆகிய நாட்களில் தொகைகள் மாறும்.

நம் வீடுகளில் நடக்கும் பிழைகளில் முதலாவது, அந்த அம்மா செய்ததுதான். கூச்சத்தில் சொல்லாமல் விடுவது.

பிள்ளை வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாட்டுக்கும் அறைக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுக்கிறீர்களா? எது சாப்பாடு, எது அறை என்று பிரிக்க முடியவில்லையா? அதில் மூன்றில் இரண்டு பங்கை வாடகையாக எடுத்துக்கொள்வார்கள். அந்த அம்மாவின் 300 டொலரில் 200 டொலர் வாடகைக் கணக்கில் வரும். மகனுடைய சம்பளத்தைப் பார்த்து அம்மாவின் முதியோர் பென்சனைக் குறைப்பதும் இல்லை. இந்தப் பயம் பல வீடுகளில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

மகன்மாருக்கும் ஒரு பயம் உண்டு: “அம்மா வாடகை தருகிறார் என்று எழுதினால் எனக்கு வரி வருமே?” வீட்டுச் செலவில் அம்மா தரும் பங்கு ஒன்று. சந்தை விலையில் அறையை வாடகைக்கு விடுவது வேறொன்று. உங்கள் வீட்டில் நடப்பது எது என்று கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்காமல் பயந்து, அம்மாவுக்கு வரவேண்டியதைத் தடுக்காதீர்கள்.

இரண்டாவது பிழை, தொகையைத் தவறாகச் சொல்வது. இந்த நாட்டில் வாடகையை வாரக் கணக்கில் பேசுகிறோம். சென்டர்லிங்க் காசு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. மோர்ட்கேஜ், மின்சாரம், கார் இன்ஷூரன்ஸ் எல்லாம் மாதத்திலோ காலாண்டிலோ நிற்கின்றன. இத்தனைக்கும் நடுவில், வாரத்துக்கு 250 டொலர் கொடுப்பவர் ஃபோர்ட்நைட் கட்டத்தில் 250 என்று போட்டுவிடுகிறார். உண்மையில் அவர் கொடுப்பது 500. பாதி வாடகையைத்தான் கணக்குக் காட்டியிருக்கிறார். வெளிநாட்டில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட இளைஞர் ஒருவர், ஒன்றரை வருடம் இப்படியே இருந்துவிட்டதாக எனக்கு எழுதியிருந்தார்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள், வாரத்துக்கு 750 டொலர். லீஸ் ஒருவர் பெயரில் இருக்கிறது. அவர் முழு வாடகையையும் தன் வாடகையாக எழுதிவிடுகிறார், லீஸில் அதுதானே இருக்கிறது! மற்ற இருவர் தங்கள் பங்கை அவர் கையில் காசாகக் கொடுக்கிறார்கள். ஆக, அவர் உண்மையில் கொடுப்பது 250. மீதியைக் கூடுதலாகக் காட்டியதால் வந்த தொகை, ஒருநாள் கடனாகத் திரும்பி நிற்கும். நீங்கள் எழுத வேண்டியது உங்கள் பங்கை மட்டும். பிள்ளைகள் இல்லாத தனியாட்கள் வீட்டைப் பகிர்ந்தால் உச்சத் தொகையும் குறையலாம். அதனால் யாருடன் இருக்கிறீர்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

லீஸில் பெயர் இல்லாத மற்ற இருவர் என்ன செய்வது? அவர்களுக்காகத்தான் ரென்ட் சர்ட்டிஃபிகேட் என்ற படிவம் இருக்கிறது. வீட்டுக்காரரோ, ஏஜென்ட்டோ, லீஸில் பெயர் உள்ளவரோ விவரம் எழுதிக் கையொப்பமிடலாம்.

அந்தக் கையொப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோமா? “அண்ணா, சும்மா ஒரு கையெழுத்துத்தானே, நான் உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன் என்று போட்டுத் தாங்கோ” என்று யாராவது உங்களிடம் கேட்டிருக்கலாம். உதவி செய்யும் மனம் நம்மிடம் நிறைய உண்டு, மறுப்பது கஷ்டம். ஆனால் இல்லாத வாடகைக்குப் போடும் கையெழுத்து உதவி ஆகாது. அது பிடிபடும் நாளில் கேட்டவர் மட்டும் மாட்டுவதில்லை, போட்டவரும் சேர்ந்தே மாட்டுவார். அன்போடு மறுத்துவிடுங்கள். அந்தத் தம்பிக்கு உண்மையிலேயே கஷ்டம் என்றால், அவருக்குத் தகுதியான வேறு எது கிடைக்கும் என்று அவரோடு சேர்ந்து ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். உண்மையான உதவி அதுதான்.

மூன்றாவது பிழை, ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துபோவது. வீடு அப்படியே நிற்கலாம், வீட்டுக்குள் நிலைமை மாறிக்கொண்டே இருக்கும். வாடகை கூடும். கூட இருந்தவர் கல்யாணமாகிப் போவார், அவர் பங்கும் உங்கள் தலையில் விழும். மகள் வீட்டிலிருந்து மகன் வீட்டுக்கு அம்மா மாறுவார். கணவன் மனைவி பிரிவார்கள், சில வேளை ஒரே கூரைக்குள்ளேயே. கையில் சேர்த்த காசில் சொந்த வீடு வாங்கி, திறப்பு கைக்கு வரும் நாளும் வரும். இவற்றில் எது நடந்தாலும் 14 நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

வீடு வாங்கிய சந்தோஷத்தில் பால் காய்ச்சி, உறவுகளை அழைத்து, புதுத் திரைச்சீலை போட்டு எல்லாம் செய்கிறோம். சென்டர்லிங்குக்குச் சொல்ல மட்டும் மறந்துவிடுகிறோம். பழைய வாடகைக்கான உதவி ஆறு மாதம் வந்துகொண்டே இருக்கும், பிறகு கடிதம் வரும். வாடகை கூடியதைச் சொல்ல மறந்தால் நஷ்டம் உங்களுக்கு. தாமதித்துச் சொன்னால் பின்னோக்கிக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வாடகை நின்றதைச் சொல்ல மறந்தால் கடன், அதுவும் உங்களுக்கே. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதுதான் மலிவு.

இனி, நம் சமூகத்துக்கே உரிய ஒரு விஷயம். ஊரில் வீட்டையோ காணியையோ விற்று, அந்தக் காசைப் பிள்ளையின் வீட்டுக்குப் போட்டு, “கடைசி வரைக்கும் உங்களோடதான்” என்று வந்து இருக்கும் பெற்றோர். எவ்வளவு இயல்பான காரியம்! இங்கே அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது: கிரானி ஃப்ளாட் ஏற்பாடு. கொல்லைப்புறத்தில் தனிச் சிறு வீடு இருக்க வேண்டும் என்றில்லை. பிள்ளையின் வீட்டில் ஓர் அறையில் வாழ்நாள் முழுக்க இருக்கும் உரிமைக்காகக் காசோ சொத்தோ கொடுத்தாலும் அது இதற்குள் வரலாம்.

ஏன் பெயர் முக்கியம்? பென்சன்காரர் ஒருவர் வெறும் அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடியது நிதி ஆண்டுக்கு 10,000 டொலர், ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 30,000 டொலர். அதற்கு மேலே கொடுத்தால், கையை விட்டுப் போன காசையும் இன்னும் உங்களிடம் இருப்பதாகவே ஐந்து வருடம் கணக்கு வைப்பார்கள். வாழ்நாள் உரிமைக்காகக் கொடுத்தது என்றால் விதிகள் வேறு.

கொடுத்த தொகை எவ்வளவு என்பதைப் பொறுத்து, உங்களைச் சொந்த வீட்டுக்காரர் என்றோ வீடில்லாதவர் என்றோ வகைப்படுத்துவார்கள். வீடில்லாதவர் என்று வந்து, அதற்கு மேலே வாடகையும் கொடுத்தால் வாடகை உதவிக்கும் வழி உண்டு. சொத்து எல்லையும் மாறும். 2025 ஜூலை 1 முதல், முழுப் பென்சன் பெறும் தனியாளுக்கு, சொந்த வீடு இருந்தால் எல்லை 3,21,500 டொலர். வீடு இல்லாவிட்டால் 5,79,500 டொலர். ஒரு கட்டத்தில் போடும் ஒரு சின்னக் குறியில் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே காசு கைமாறும் முன்பு கேளுங்கள். கைமாறிய பிறகு கேட்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். “என் பிள்ளையிடம் எழுதி வாங்குவதா?” என்று அம்மாமார் கண்கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மணமுறிவு வந்து வீடு விற்பனைக்குப் போனால்? அந்தத் தாள் பிள்ளையைச் சந்தேகிப்பதற்காக எழுதப்படுவதில்லை, பிள்ளை இல்லாத இடத்திலும் அம்மாவுக்காகப் பேசுவதற்காக எழுதப்படுவது.

இவ்வளவும் வாசித்துவிட்டு உங்களில் சிலர், “வேண்டாம் ஐயா, சொல்லப்போய் வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்” என்று நினைக்கலாம். அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. அரசாங்க அலுவலகம் என்றாலே உள்ளங்கை வியர்க்கும் நாட்டிலிருந்து நம்மில் பலர் வந்தோம். இந்த நாட்டிலும் ரோபோடெட் நடந்ததே! வருட வருமானத்தைச் சராசரியாகப் பிரித்து, கணினியே கடன் கடிதம் அனுப்பியது. எத்தனையோ பேர், பல வருடத்துக்கு முந்திய சம்பளச் சீட்டைத் தேடி அலைந்தார்கள். பிழை அரசாங்கத்துடையது என்று நிலைநாட்டப்பட்டது. 2023 ஜூலையில் ராயல் கமிஷன் அறிக்கையும் வெளிவந்தது.

ஆனால் அதிலிருந்து நான் கற்றது வேறு. சொல்லாமல் ஒளிந்திருந்தால் காப்பாற்றப்படுவோம் என்பதற்கு அங்கே ஓர் ஆதாரமும் இல்லை. கையில் தாள் இருந்தவர்களால் பதில் சொல்ல முடிந்தது. ஆகவே வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். விவரக் கட்டத்தில் “ரென்ட்” என்று எழுதுங்கள். காசாகத்தான் கொடுக்க முடியும் என்றால் ரசீது வாங்குங்கள், கொடுப்பது தம்பியாக இருந்தாலும். லீஸ், பாண்ட் தாள், வாடகை கூட்டிய கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். சென்டர்லிங்கோடு பேசிய நாளையும், அவர்கள் தரும் ரசீது எண்ணையும் நாட்காட்டியிலேயே குறித்துவிடுங்கள்.

அரசின் மைகவ் இணையக் கணக்கிலோ கைபேசிச் செயலியிலோ மாற்றத்தைச் சொல்லலாம். ஆங்கிலம் சிரமம் என்றால் 131 202 என்ற பன்மொழி எண்ணை அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. மகனோ மகளோ பக்கத்தில் இருந்தாலும் இந்த விஷயத்துக்கு மொழிபெயர்ப்பாளரையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மகனுக்குக் கொடுக்கும் காசைப் பற்றி, மகன் வாயாலேயே அம்மா எப்படிப் பேசுவார்?

அவர்கள் முடிவு தவறு என்று பட்டால் சும்மா இருக்காதீர்கள். விளக்கம் கேளுங்கள். முடிவை மீளாய்வு செய்யச் சொல்லுங்கள். முடிவு வந்து 13 வாரங்களுக்குள் கேட்டுவிடுவது நல்லது. அதற்கும் மேலே, 2024 அக்டோபரில் தொடங்கிய நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. கடன் வந்துவிட்டால்கூடத் தவணையில் கட்டலாம். தனியாகக் கலங்க வேண்டியதில்லை.

கோயிலில் பார்த்த அம்மாவிடம் திரும்பி வருகிறேன். போன வாரம் தொலைபேசியில் அழைத்திருந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு பேசியாயிற்று. மகனும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. “காசு வருதோ வரேல்லையோ, தம்பி, மகனோட இருந்து கதைச்சதே பெரிய விஷயம்” என்றார். “நான் குடுக்கிற காசு என்னத்துக்குப் போகுது எண்டு அவன் எல்லாம் சொன்னவன். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.”

இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா வந்து உட்காரும் அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அப்போது கேளுங்கள்: “அம்மா, சென்டர்லிங்கில் எங்கட வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கு?”

கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்